வேதாளரின் பழைய விலாசம்

முகமூடி, மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கானகக் காவலரின் முதல் முகவரி ஆப்பிரிக்கா அல்ல. இந்திய வாசகர்களிடமிருந்து அதை மறைக்க ஓர் இந்திய நிறுவனமே பாடுபட்டது.

1964 மார்ச்சில் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. வெளியிட்டது டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம். நாயகர் ஃபேன்டம். தமிழ் வாசகர்களுக்கு வேதாளர். முதல் 32 இதழ்களும் அவருக்கே ஒதுக்கப்பட்டன. அமெரிக்காவில் ஏற்கெனவே 28 வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த சரக்கு, விற்பனையில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே அச்சேற்றும் முன் ஒரு சங்கடத்தைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. படங்களில் அல்ல, பெயர்களில்.

மூலக்கதையில் வேதாளர் வாழும் காட்டின் பெயர் பெங்காலி. அவரது பரம்பரை எதிரிகளான கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் சிங். அவரது தந்தையை முதுகில் குத்திக் கொன்ற துரோகியின் பெயர், சாட்சாத் ராமா. ஒரு மாநிலத்து மக்களையும், லட்சக்கணக்கானோர் தாங்கும் குலப்பெயரையும், கோடிக்கணக்கானோர் கும்பிடும் தெய்வத்தையும் ஒரே கதையில் சீண்டும் இப்படியொரு பட்டியலை இந்தியாவில் அப்படியே வெளியிட எந்த ஆசிரியருக்குத் துணிச்சல் வரும்? எனவே பெங்காலி, டெங்காலி ஆனது. சிங், சிங்கா ஆனார்கள். ராமா, ராமலு ஆனார். (கடைசி மாற்றத்தில் ஆந்திர வாசகர்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) இதையெல்லாம் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இந்தியச் சிறுவர்கள், டெங்காலி என்பது ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு மூலை என்று நம்பிக்கொண்டார்கள். தங்கள் அபிமான நாயகரின் காடு முதலில் தங்கள் வீட்டுப் பக்கம்தான் இருந்தது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

பொய்யில் பிறந்த உலகம்

குழப்பத்துக்குக் காரணம் லீ ஃபால்க். 1911இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கை உருவாக்கி, கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டுக்கு விற்றுவிட்டார். மாண்ட்ரேக் உலகம் சுற்றுபவர் என்பதால், தானும் உலகம் சுற்றி வந்தவன் என்று நிறுவனத்தாரிடம் இளைஞர் ஃபால்க் அளந்துவிட்டார். அதுவரை அவர் செய்திருந்த பெரிய பயணமே செயின்ட் லூயிஸிலிருந்து நியூயார்க் வந்ததுதான். இந்தப் பொய்யைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். உண்மையிலேயே உலகம் சுற்றியது அப்புறம்தான்.

வேதாளர் தினசரிப் பத்திரிகைகளில் முதன்முதலாகத் தோன்றியது 1936 பிப்ரவரி 17இல். ஃபால்க்குக்கு வயது 24. கதையை அவர் எழுத, படம் வரைந்தவர் ரே மூர். நேரில் பார்த்திராத கிழக்கு நாடுகளைப் பற்றி எழுத ஃபால்க்குக்குக் கைகொடுத்தவை புத்தகங்கள். ருட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகளையும் டார்ஜானையும் அவர் விரும்பிப் படித்தவர். வேதாளரின் விசுவாசிகளான குள்ளர்களுக்கு அவர் வைத்த பெயர் பந்தர். இந்தியில் அதன் பொருள் குரங்கு. கிப்ளிங்கின் காட்டில் குரங்குக் கூட்டத்துக்குப் பெயர் பந்தர் லோக்! நாயகரின் உயிர்த் தோழரான குரனின் இனத்துக்கே இந்தப் பெயர். படித்துப் பார்த்த இந்தி வாசகர்கள் நெளிந்திருப்பார்கள்.

காட்டின் மிருகங்களைப் பார்த்தாலும் விலாசம் பிடிபடாது. அங்கே சிங்கமும் உண்டு, புலியும் உண்டு. இரண்டுமே காட்டில் வாழும் ஒரே நாடு இந்தியாதான் என்பதால் இதை நமக்குச் சாதகமான சாட்சியாகக் கொள்ளலாம். ஆனால் வேதாளரின் ஏதேன் தீவில் சிங்கமும் புலியும் மானும் சண்டையின்றி வாழ்கின்றன. மாமிசப் பட்சிணிகள் எல்லாம் மீன் தின்னப் பழக்கப்பட்டவை. அந்தத் தீவைச் சுற்றியுள்ள நீரில் காவலுக்கு விடப்பட்டிருப்பதோ தென் அமெரிக்க ஆறுகளின் பிரானா மீன்கள். வேதாளரின் காலடியில் படுத்திருக்கும் டெவில் நாயும் அல்ல, ஓநாய். பூகோளப் பாடத்தில் ஃபால்க்குக்குத் தேர்ச்சி மதிப்பெண் கொடுப்பது கஷ்டம்.

தொடக்கத்தில் இந்தக் காடே திட்டத்தில் இல்லை என்பதுதான் விசேஷம். ஃபால்க் முதலில் யோசித்த நாயகர் நியூயார்க் பணக்கார இளைஞர் ஜிம்மி வெல்ஸ். பகலில் சோம்பேறிச் சீமான், இரவில் முகமூடி. பின்னாளில் பேட்மேனுக்கு அப்படியே பொருந்திய சூத்திரம். ஆனால் முதல் கதை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபால்க்குக்கு அது பிடிக்காமல் போனது. நாயகரைக் கப்பலேற்றிக் காட்டுக்கு அனுப்பினார். ஜிம்மி வெல்ஸ் பிறகு என்னவானார் என்று யாரும் கேட்கவில்லை. வேதாளருக்குக் கிட் வாக்கர் என்ற பெயர் உறுதிப்படச் சில வருடங்கள் பிடித்தன. எவ்வளவு தாமதம் என்றால், 1943இல் கொலம்பியா நிறுவனம் டாம் டைலரை வைத்து 15 பகுதித் தொடர்படம் எடுத்தபோது, நாயகருக்குச் சொந்தமாக காட்ஃப்ரி பிரெஸ்காட் என்றொரு பெயரைச் சூட்டிக்கொண்டது. அதே கம்பெனி 1955இல் அடுத்த தொடரைக் கிளப்பியது. உரிமைச் சிக்கலால் கடைசி நேரத்தில் உடையையும் பெயரையும் மாற்றி, ‘கேப்டன் ஆப்பிரிக்கா’ என்று வெளியிட்டது.

சாம்பல், ஊதா, நீலம், சிவப்பு

இறுக்கமான உடை அணிந்து, கண்மணி தெரியாத முகமூடி போட்ட சித்திரக்கதை நாயகர்களுக்கு முன்னோடி வேதாளர்தான். சூப்பர்மேன் வந்தது 1938இல், பேட்மேன் 1939இல். வெள்ளைக் கண்களுக்கு ஃபால்க் சொன்ன விளக்கம், கிரேக்கச் சிலைகளுக்குக் கண்மணி இல்லாததே கம்பீரமாக இருக்கிறது என்பது. கழுத்துக்குக் கீழே இருக்கும் உடையின் கதை அவ்வளவு கம்பீரமானதல்ல. ஃபால்க் மனதில் இருந்த நிறம் சாம்பல். ‘சாம்பல் நிறப் பிசாசு’ என்று பெயர் வைக்கக்கூட யோசித்திருந்தார். தினசரிகளில் கறுப்பு வெள்ளை என்பதால் பிரச்னை எழவில்லை. 1939 மே மாதம் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது, அச்சில் வந்ததோ ஊதா. பச்சைக் காட்டுக்குள் ஒளிந்து திரிய வேண்டிய ஆள், கத்தரிக்காய் நிறத்தில் வந்து நின்றார்.

அச்சில் வந்ததை மாற்ற முடியாது. கதையை மாற்றலாம். முதல் வேதாளர் காட்டுத் தெய்வச் சிலை ஒன்றைப் பார்த்து அதே போல உடை தைத்தார், காட்டுப் பழங்களின் சாற்றில் சாயம் ஏற்றினார் என்று பின்னாளில் காரணம் கற்பித்தாயிற்று. மற்ற நாடுகளின் அச்சகங்கள் இந்தக் காரணத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஸ்வீடன், நார்வே வாசகர்களுக்கு வேதாளர் நீலம். இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு பிரேசில்காரரும் ஓர் ஆஸ்திரேலியரும் சந்தித்தால், உடை விஷயத்தில் மட்டும் உடன்பாடு வராது.

உடைக்குள் இருக்கும் ஆளின் கணக்கும் வேடிக்கையானது. 1536இல் கடற்கொள்ளையர் தாக்குதலில் தப்பிக் கரையொதுங்கிய கிறிஸ்டோபர் வாக்கர், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது சபதம் செய்ததில் பரம்பரை தொடங்குகிறது. தந்தை சாக, மகன் அதே உடையை அணிய, வெளியுலகம் ஒரே மனிதர் சாகாமல் இருப்பதாக நம்புகிறது. கதை தொடங்கிய 1936இல் இருப்பவர் 21வது வேதாளர். 400 வருடங்களில் 20 பேர் போய்விட்டார்கள் என்றால், தலைக்குச் சராசரி 20 வருட உத்தியோகம். சாகாவரம் பெற்றவர் என்று பெயர். ஆனால் வங்கி குமாஸ்தாவின் சேவைக் காலம்கூடக் கிடையாது. நடுவில் ஒரு பெண்ணும் முகமூடி தரித்திருக்கிறார். 17வது வேதாளரால் முடியாதபோது அவரது இரட்டைச் சகோதரி ஜூலி அந்தப் பொறுப்பை ஏற்றார்.

மண்டையோட்டுக் குகையின் கஜானாவில் இருப்பவற்றைக் கேட்டால் தொல்பொருள் துறைக்குத் தூக்கம் போகும். ஆர்தர் மன்னரின் வாள், அலெக்சாண்டரின் வைரக் கிண்ணம், கிளியோபாட்ராவைக் கடித்த பாம்பு வரை பத்திரமாக இருக்கிறதாம். இவ்வளவு சொத்தும் வைத்துக்கொண்டு டயானா பால்மரை மணக்க அவர் எடுத்துக்கொண்ட காலம் 41 வருடம். 1977இல் நடந்த திருமணத்துக்கு மாண்ட்ரேக் வந்திருந்தார். 1979இல் இரட்டைக் குழந்தைகள். மகன் கிட், மகள் ஹெலாய்ஸ். டயானா ஐ.நா. சபையில் வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை. காட்டில் குடித்தனம், அலுவலகத்தில் உத்தியோகம் என்று அந்தக் காலப் படக்கதை மனைவிகளில் அபூர்வப் பிறவி.

வெள்ளைக்காரர் ஏன்?

சுவாரஸ்யங்களைத் தாண்டிய ஒரு கேள்வி வேதாளரைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. காட்டு மக்கள் அத்தனை பேருக்கும் நியாயம் வழங்க ஒரு வெள்ளைக்காரர் ஏன் தேவை? 1930களின் கதைகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. குள்ளர்கள் பயபக்தியோடு நிற்க, சிம்மாசனத்தில் அவர் அமர்ந்திருப்பார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஐரோப்பியர் கையில் இருந்த காலத்தில், அது எழுதியவருக்கும் படித்தவருக்கும் இயல்பாகவே பட்டிருக்கும்.

உலகம் மாறியது. ஃபால்க்கும் மாறினார். காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற 1960களில் வேதாளரின் காடு சத்தமில்லாமல் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இடம் பெயர்ந்து, பெங்கல்லா என்ற குடியரசாக மாறியது. அதற்குத் தேர்தலில் வென்ற ஒரு கறுப்பின அதிபர் வந்தார். பெயர் லமாண்டா லுவாகா, தொழிலால் டாக்டர். அவரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடிக்கத் துடிக்கும் சர்வாதிகாரியாக ஜெனரல் பபாபு. அன்றைய ஆப்பிரிக்கச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இருவருமே தெரிந்த முகங்கள். வேதாளர் ஆட்சியாளர் ஸ்தானத்திலிருந்து அதிபரின் நண்பர் ஸ்தானத்துக்கு இறங்கினார். சிம்மாசனம் மட்டும் குகையிலேயே இருந்தது. 1961இலிருந்து 1994 வரை வரைந்த சை பாரியின் கோடுகளில் காடும் மனிதர்களும் முந்தைய கேலிச் சாயல் நீங்கி வந்ததும் இந்தக் காலத்தில்தான். முழுத் திருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் 1936இல் தொடங்கிய வேறெந்தப் படக்கதையும் தன் பழைய உலகத்தை இந்த அளவு திருத்தி எழுதிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இந்திய வாசகர்கள் இந்த விவாதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1940களிலேயே இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி மூலம் அவர் இங்கே அறிமுகமாகியிருந்தார். இந்திரஜால் வந்த பிறகு மொழிக்கொரு பெயர் கிடைத்தது. இந்தியில் வேதாள், வங்காளியில் அரண்யதேவ். வங்காளிகள் வனதேவதையாக்கிக் கும்பிட்டவரின் காட்டுக்கே வங்காளப் பெயர்தான் முதலில் இருந்தது என்பது ஒரு தமாஷ். தமிழில் வேதாளர் என்ற பெயருக்கு வேறொரு சிக்கல். அம்புலிமாமா படித்தவர்களுக்கு வேதாளம் என்றால் விக்ரமாதித்தன் தோளிலிருந்து நழுவி முருங்கை மரம் ஏறுவது. இது குதிரையேறும் வேதாளம். பின்னர் ராணி காமிக்ஸ் அவருக்கு மாயாவி என்று பெயர் வைத்தது. ஆனால் 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி ஏற்கெனவே தமிழ்ச் சிறுவர்களின் மனதில் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிரிட்டிஷ் சரக்கு, மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடல் மறைந்துவிடும். இவர் அமெரிக்கச் சரக்கு, மறையவே மாட்டார். எந்த மாயாவி பெரியவர் என்று தமிழ்நாட்டுத் திண்ணைகளில் நடந்த சண்டை வேறெந்த மொழியிலும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

இந்திரஜாலின் தொடக்க நாட்களில் அங்கே பணியாற்றியவர் அனந்த் பை. வெளிநாட்டு நாயகர்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், 1967இல் அவர் அமர் சித்ர கதாவைத் தொடங்கி ராமரையும் கிருஷ்ணரையும் கட்டங்களுக்குள் கொண்டுவந்தார். ராமா என்ற பெயரைக் கொலைகாரனிடமிருந்து பிடுங்கிய துறையில் இருந்தவர், அதை உரிய இடத்தில் சேர்த்தார் என்றும் சொல்லலாம். இந்திரஜாலும் சும்மா இருக்கவில்லை. 1976இல் ஆபித் சுர்தி உருவாக்கிய பஹாதூர், குர்த்தாவும் ஜீன்ஸும் அணிந்து கொள்ளைக்காரர்களைப் பிடித்தார். முகமூடியில்லை, பரம்பரைச் சபதமில்லை. பஹாதூர் ஜெயித்தார். ஆனால் வேதாளரை இடம் பெயர்க்க முடியவில்லை. 1990இல் கடையை மூடும்வரை இந்திரஜாலின் முதல் மரியாதை முகமூடிக்காரருக்கே.

பிறந்த ஊரில்தான் மரியாதை குறைவு. அமெரிக்காவில் சூப்பர்மேன், பேட்மேன் வரிசையில் வேதாளரை யாரும் வைப்பதில்லை. 1996இல் பில்லி ஜேன் நடித்த படம் அங்கே வசூலில் சுருண்டது. அந்தப் படத்திலும் கொள்ளையர் கூட்டத்தின் பெயரைச் சிங் என்று வைக்கத் தயக்கம். எழுத்தைக் கொஞ்சம் வளைத்து ‘செங்’ ஆக்கினார்கள். பம்பாய் ஆசிரியர்கள் 30 வருடம் முன்பே செய்த காரியம். ஆஸ்திரேலியாவிலோ ஃப்ரூ நிறுவனம் 1948இல் தொடங்கிய வேதாளர் இதழ் முக்கால் நூற்றாண்டைத் தாண்டியது. ஸ்வீடனில் 1950இலிருந்து ‘ஃபேன்டோமென்’. அமெரிக்காவிலிருந்து வரும் கதைகள் போதாமல், அங்கேயே சொந்தமாக எழுதி வரைய ஒரு குழுவை வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டாக இல்லாத ஒரே இடம் பப்புவா நியூ கினி. அங்கே மலைப்பகுதியில் 1980களில் இனக்குழுச் சண்டைகள் மறுபடி வெடித்தபோது, வாகி பள்ளத்தாக்கு வீரர்கள் பரணில் கிடந்த பெரிய கேடயங்களை எடுத்துப் புதிதாக வர்ணம் பூசினார்கள். முன்னோர்களின் பழைய கோலங்களோடு சிலவற்றில் புதிதாக ஏறிய உருவம் வேதாளர். முகமூடியும் கைத்துப்பாக்கியும் சகிதம். உள்ளூர் டோக் பிசின் மொழியில் பத்திரிகைகள் வழியாக அவரை அறிந்தவர்கள் அவர்கள். சாகாத மனிதரைக் கேடயத்தில் வைத்துக்கொண்டால் தானும் சாகமாட்டான் என்ற எண்ணம் எதிரே நிற்பவனுக்கு வர வேண்டும். ஈட்டிகளோடு நாட்டுத் துப்பாக்கிகளும் அந்தச் சண்டைகளில் புகுந்துவிட்டிருந்தன. படக்கதையில் வேதாளர் முதுகில் குத்துப்பட்டுச் சாவார், மகன் வருவார். இங்கே கேடயத்தோடு விழுந்தவர்களுக்கு அந்த வசதியில்லை. மிஞ்சிய கேடயங்கள் இப்போது அருங்காட்சியகங்களிலும் கலைப்பொருள் சேகரிப்போர் வீட்டுச் சுவர்களிலும் தொங்குகின்றன. காட்டில் எந்த வெள்ளைக்காரரும் வந்து காப்பாற்றவில்லை. அவரது படத்தைத் தங்கள் காரியத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த மக்கள்தான்.

லீ ஃபால்க் 63 வருடங்கள் வேதாளரை எழுதினார். நடுவே நாடக அரங்குகளை நடத்தி, ஏராளமான நாடகங்களைத் தயாரித்தார். அவற்றில் ஒன்றில் மார்லன் பிராண்டோவே நடித்தார். ஆனாலும் தினசரிக் கட்டங்களை அவர் கைவிடவில்லை. 1999 மார்ச் 13இல் 87 வயதில் நியூயார்க்கில் இறந்தபோது ஒரு கதை பாதியில் நின்றது. மருத்துவமனைப் படுக்கையில் பிராணவாயு முகமூடியை விலக்கிவிட்டு அவர் வசனம் சொல்ல, மனைவி எலிசபெத் எழுதிக்கொண்ட கதை அது. மீதியை எலிசபெத்தே முடித்துக் கொடுத்தார். பத்திரிகைக் கட்டங்கள் பல வாரம் முன்பே தயாராகிவிடுபவை. அதனால் ஃபால்க் மறைந்த மறுநாள் காலையிலும், ஊதா உடைக்காரர் வழக்கமான இடத்தில், வழக்கமான கட்டங்களில், எதுவும் நடக்காதது போல வந்தார்.